கிரேன்காரரின் பேட்டரி வைத்தியம்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் எல்லாருக்கும் கால் தரையில் இருக்கும், கிரேன்காரருக்கு மட்டும் இருக்காது. காலையில் இரும்பு ஏணியில் ஏறி உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறக்கம். சாப்பாடும் தண்ணீரும் முதுகுப் பையில் கூடவே ஏறும். வேலை என்று பார்த்தால் இரண்டு கைப்பிடிகள். ஒன்றை அசைத்தால் கிரேனின் நீளக் கை திரும்பும், இன்னொன்றை அசைத்தால் கொக்கி ஏறி இறங்கும். நடுநடுவே கீழே இருப்பவர்கள் கம்பியைக் கட்டி முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா இருப்பதே சுகம் என்று சொன்ன புண்ணியவான் அந்தக் கூண்டில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டார்.

அதனால் கிரேன்காரருக்குப் போன்தான் துணை. கொக்கியில் சுமை தொங்கும்போது அதைத் தொடமாட்டார், அந்த விஷயத்தில் கறார். சுமை இறங்கிய பிறகுதான் எடுப்பார். ஆனால் அந்தப் போன் ஒரு கிழம். காலையில் முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் மூச்சு வாங்கும், சாயங்காலத்துக்குள் கண்ணை மூடிவிடும்.

"உங்களுக்குப் போன் இருக்குன்னுதான் பேரு," என்பாள் மனைவி. "அவசரத்துக்குக் கூப்பிட்டா எவளோ ஒருத்திதான் எடுத்து, அணைச்சு வச்சிருக்குன்னு சொல்றா. அவளுக்கும் சேர்த்தா மாசாமாசம் ரீசார்ஜ் பண்றோம்?"

கூண்டில் சார்ஜ் போட வழியில்லை. அங்கே இருக்கும் ஒயரில் எதையாவது சொருகினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று இன்ஜினியர் சொல்லி வைத்திருந்தார். பவர் பேங்க் ஒன்று வாங்கிப் பார்த்தார். இரண்டாம் நாளே ஏணியில் ஏறும்போது அது பையிலிருந்து நழுவி, கீழே சிமெண்ட் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. மேஸ்திரி அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அன்றோடு, சாப்பாட்டுப் பையையும் கழுத்துக் கயிற்றில் கட்டிய போனையும் தவிர வேறு எதுவும் மேலே போகக்கூடாது என்று உத்தரவு.

புதுப் போன் வாங்கலாமே என்றால் அதற்கும் மனசு வராது. அந்தப் போனில் ஒரு சதுரங்க ஆட்டம் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் அவருடைய அண்ணன் ஆடிக்கொண்டிருந்தார். போனை மாற்றினால் ஆட்டம் போய்விடுமோ என்று பயம். போகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தும் நம்பவில்லை. ஏனென்றால் அண்ணனோடு அவருக்கு இருந்த பேச்சுவார்த்தையே அந்த ஆட்டம் ஒன்றுதான்.

அண்ணன்தான் அவரை இந்த வேலைக்குக் கூட்டி வந்தவர். அப்பா இல்லாத வீட்டில் தம்பியை ஆளாக்கினவரும் அவர்தான். அண்ணன் கீழே சிக்னல்மேன், தம்பி மேலே கிரேன். அப்போதெல்லாம் அவர்கள் வேலை பார்த்த இடத்தில் வாக்கி டாக்கி கிடையாது, எல்லாம் கை ஜாடைதான். விரலை மேலே சுழற்றினால் தூக்கு, கீழே சுழற்றினால் இறக்கு, இரண்டு கையையும் விரித்து நின்றால் நிறுத்து. வீட்டில்கூட அண்ணன் சாப்பிட்டு முடித்துக் கையை விரித்தால் தம்பி மனைவி குழம்புக் கரண்டியை நிறுத்திவிடுவாள். மத்தியான வேளையில் பலகையில் கட்டம் கிழித்து, நட்டும் போல்ட்டும் காய்களாக இரண்டு பேரும் சதுரங்கம் ஆடுவார்கள். ஆட்டம் இழுத்துக்கொண்டே போனால் தம்பி, "டிரா வச்சுக்கலாம்ண்ணே" என்று கெஞ்சுவார். அண்ணன் ஒத்துக்கொண்டதே இல்லை. "பாதி ஜெயிப்புன்னு ஒண்ணு கிடையாதுடா சின்னவனே. ஒண்ணு நீ, இல்லாட்டி நான்," என்று சொல்லிவிட்டு அடுத்த காயை நகர்த்துவார். பெரும்பாலும் ஜெயிப்பது அவர்தான் என்பதால் அப்படிப் பேசுவது சுலபம்.

அந்த உறவு ஒரு மிடறு டீயில் கெட்டது. மரச்சட்டத்தில் அடுக்கிய ஜன்னல் கண்ணாடிகளைத் தம்பி மேல்மாடிக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். எப்போதும் செய்கிற வேலைதானே என்று ஒரு கையால் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார். தலையை நிமிர்த்தியபோது அண்ணன் இரண்டு கையையும் விரித்து நிற்பது தெளிவாகத் தெரிந்தது. கைப்பிடியை இழுத்தார். ஆனால் அவ்வளவு பாரம் உடனே நிற்குமா? சட்டம் சுவர் விளிம்பில் மோதி, கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாகக் கீழே கொட்டியது. அடியில் யாரும் இல்லை. இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உள்ளங்கை வேர்க்கும்.

விசாரணைக்கு இரண்டு பேரையும் ஒரே அறையில் நிற்க வைத்தார்கள். "சிக்னல் வந்துச்சா, வரலையா?" என்று கேட்டார் இன்ஜினியர். தம்பிக்குக் கிரேன் லைசென்ஸ் புதுசு. மனைவி மாசமாக இருந்தாள். டீ ஊற்றினேன் என்று சொன்னால் லைசென்ஸ் கிழிந்துவிடும்.

"வரலை சார்," என்றார்.

அண்ணன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்கை முடித்து அனுப்பினார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு போனவர் தம்பி வீட்டு வாசலை அதன் பிறகு மிதிக்கவில்லை. சிக்னல் கொடுக்கத் தெரியாதவர் என்று பேர் கெட்டபின் வேறு எந்தக் கட்டடத்திலும் அவரைச் சேர்க்கவில்லை. கடைசியில் ஒரு கடை வளாகத்தில் கார் நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கிற வேலைக்கு உட்கார்ந்தார். கிரேன்காரர் போய்க் காலில் விழுந்திருக்கலாம். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளித் தள்ளி, அன்று மனைவி வயிற்றில் இருந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயசுக்கு வந்துவிட்டான்.

இடையில் புகுந்து வேலை செய்தவள் அண்ணன் மகள். அப்பாவின் போனில் சதுரங்கத்தை ஏற்றிக் கொடுத்து, எதிராளியாகச் சித்தப்பாவின் நம்பரைச் சேர்த்துவிட்டாள். சித்தப்பாவுக்குப் போன் செய்து, "நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க. ஒரு காயை நகர்த்துங்க, போதும்," என்றாள். அவர் ஒரு சிப்பாயை நகர்த்தினார். சாயங்காலம்வரை பதில் இல்லை. மறுநாள் காலை, கூண்டில் உட்கார்ந்திருந்தபோது போனில் டிங் என்று மணி அடித்தது. அண்ணனும் ஒரு சிப்பாயை நகர்த்தியிருந்தார். கிரேன்காரருக்கு அந்த உயரத்தில் அழுகை வந்துவிட்டது. பார்க்க ஆளில்லாத இடம் என்பதால் தாராளமாக அழுதார்.

அதிலிருந்து அப்படியே ஓடியது. அவசர ஆட்டம் இல்லை, ஒரு காய்க்குப் பத்து நாள் கெடு உண்டு. அதற்குள் நகர்த்தாவிட்டால் தோல்வி. ஆட்டத்தில் எழுதிப் பேசவும் வசதி இருந்தது, இரண்டு பேரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் அண்ணன் குதிரையை எடுத்தால் கோபமாக இருக்கிறார், மந்திரியை எடுத்தால் சாந்தமாக இருக்கிறார் என்று கிரேன்காரர் அர்த்தம் பண்ணிக்கொண்டார். "ஜோசியம் பாக்கறதுக்குப் பேசாம நேர்ல போய் நில்லுங்களேன்," என்று மனைவி சொன்னபோது, "முதல்ல இந்த ஆட்டம் முடியட்டும்," என்று தப்பித்துக்கொண்டார்.

இந்த நிலைமையில்தான் பேட்டரி தகராறு முற்றியது. ஒருநாள் மகன் பள்ளிக்கூடத்தில் விழுந்து நெற்றியில் தையல் போடும்படி ஆனது. மனைவி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தானே தூக்கிக்கொண்டு ஓடினாள். அன்று வீட்டில் அவர் வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

மறுநாள் வீடு திரும்பும் பஸ்ஸில் போனை நோண்டிக்கொண்டே வந்தவர், பேட்டரியை எது எவ்வளவு தின்கிறது என்று காட்டும் பக்கத்தில் வந்து நின்றார். பார்த்தால் ஒரு பெரிய கூட்டமே உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. என்றைக்கோ ஒருதரம் பார்த்த வானிலைச் செயலி, மகன் ஏற்றிய பலூன் உடைக்கிற விளையாட்டு, எதற்கென்றே தெரியாத நாலைந்து. திறக்காமலேயே பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தன. "தண்டச் சோறு," என்று ஒவ்வொன்றாகப் போய், பின்னணியில் ஓடக்கூடாது என்று கட்டிப்போட்டார். பட்டியலில் முதலில் இருந்தது சதுரங்கம். அதில் மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. அண்ணன் நகர்த்திவிட்டாரா என்று மணிக்கொருதரம் திறந்து திறந்து பார்த்ததால்தான் அது முதலிடத்துக்கு வந்திருந்தது. சீ, என்ன இது சின்னப்பிள்ளை மாதிரி என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. மணி அடித்தால் மட்டும் திறப்பது என்று அந்த நிமிஷமே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, சதுரங்கத்தையும் கட்டிப்போட்டார். அறிவிப்புகள் தாமதமாகலாம், வராமலும் போகலாம் என்று போன் ஒரு எச்சரிக்கை காட்டியது. இந்தப் போன் எதற்குத்தான் எச்சரிக்கவில்லை? சரி என்று அழுத்திவிட்டார்.

அடுத்த நாள் சாயங்காலம் ஏணியிலிருந்து இறங்கும்போதும் போன் உயிரோடு இருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. மேஸ்திரிக்குக் காட்டினார், கம்பி கட்டுகிறவர்களுக்குக் காட்டினார், கேட்டவர் கேட்காதவர் எல்லாருடைய போனையும் பிடுங்கி வைத்தியம் பார்த்தார். "அண்ணே, இதுல ஏதோ எச்சரிக்கை போடுதே," என்று இப்போது சிக்னல் கொடுக்கும் பெண் கேட்டதற்கு, "அது சும்மா பயமுறுத்தும்மா, அமுக்கு," என்றார். பேட்டரி டாக்டர் என்று பேரே வைத்துவிட்டார்கள். மனைவிக்கும் சந்தோஷம். எவளோ ஒருத்தி பேசாமல் புருஷனே பேசுகிறாரே.

மணி மட்டும் அடிக்கவில்லை.

முதலில் அவருக்கு அது உறுத்தவில்லை. ஆட்டம் அப்போது அண்ணன் பக்கம் சாய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அண்ணனின் சிப்பாய் ஒன்று ராணியாகிவிடும். நிதானமாக யோசிக்கிறார் என்று நினைத்தார். அடுத்து, வேண்டுமென்றே காக்க வைக்கிறார் என்று நினைத்தார். ஒரு வாரம் போனதும் வீம்பு ஏறிவிட்டது. "ஜெயிக்கப் போற மனுஷன் ஆடறதுக்கு என்னவாம்? என்னைத் தவிக்க விட்டுப் பாக்கறாரு. பாக்கட்டும். நானாப் போய் எட்டிப் பாக்கமாட்டேன்," என்றார் மனைவியிடம். "திறந்துதான் பாருங்களேன், காசா பணமா?" என்றாள் அவள். அவர் திறக்கவில்லை. தானே போட்ட சட்டம் என்றால் சிலருக்கு அப்படியொரு மரியாதை.

கண்ணைத் திறந்துவிட்டவள் சிக்னல் கொடுக்கும் பெண். ஒருநாள் காலை ஏணி அடியில் அவரை மறித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குண்ணே உங்க வைத்தியம்! இன்னிக்கு வேலை லேட்டாத்தான் ஆரம்பம்னு நேத்தே குரூப்ல போட்டிருக்காங்க. எனக்கு மெசேஜே வரல. விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடி வந்து தேவுடு காக்கறேன். இப்ப உள்ள போய்த் திறந்தா பொலபொலன்னு வந்து கொட்டுது. எல்லாத்தையும் கட்டிப்போட்டா அது எப்படிண்ணே கூப்பிடும்?"

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். கிரேன்காரர் அங்கேயே ஏணியில் சாய்ந்து நின்று சதுரங்கத்தைத் திறந்தார்.

ஆட்டம் முடிந்திருந்தது. கெடு தாண்டியதால் அவர் தோற்றுப்போனதாகப் போட்டிருந்தது. அதற்கு மேலே இன்னொரு வரி. எதிராளி காயை நகர்த்திவிட்டு டிரா கேட்டார், பதில் இல்லை.

பலகையைப் பார்த்தார். அண்ணனின் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றது. அடுத்த நகர்வில் ராணி. கண் தெரியாதவன்கூட ஜெயிக்கிற ஆட்டம். அந்த இடத்தில் நிறுத்தி, பாதி ஜெயிப்பு என்று ஒன்று கிடையாது என்ற மனுஷன், நாம் இரண்டு பேரும் சமம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுக் கெடு முடியும்வரை காத்திருந்திருக்கிறார். புதிதாக ஒரு ஆட்டத்துக்கு அழைக்கலாம் என்று தேடினால் அண்ணனின் பெயரே அங்கே இல்லை.

அண்ணன் மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா அந்த டிராவைக் கேட்டுட்டு எப்படி இருந்தாரு தெரியுமா சித்தப்பா? குளிக்கப் போனாக்கூட போனை என் கையில குடுத்து, 'சின்னவன் ஏதாவது சொல்றானா பாரு'ம்பாரு. எனக்கே உங்களைக் கூப்பிட்டுக் கேக்கணும்னு இருந்துச்சு. 'நீ நடுவுல போகாத, அவனா சொல்லணும்'னுட்டாரு. கெடு முடிஞ்ச அன்னிக்கு, 'இதை அழிச்சிடும்மா, சார்ஜ் நிக்க மாட்டேங்குது'ன்னாரு. அழிச்சிட்டேன்."

விடுமுறை நாளில் கிரேன்காரர் அந்தக் கடை வளாகத்துக்குப் போனார். கார் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே. சரிவில் இறங்கியதும் புகை நாற்றமும் டயர் சத்தமும். தகரக் கூண்டு ஒன்றில் ஸ்டூல் போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. தம்பியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க," என்றார். "உக்காருங்க." இருந்த ஒரே ஸ்டூலை நகர்த்திப் போட்டார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். யாரோ தூரத்து மனிதரிடம் கேட்பது போல இருந்தது. டேய் என்று ஒரு அறை கொடுத்திருந்தால் தேவலை என்று கிரேன்காரர் நினைத்தார்.

அவர் உட்காரவில்லை. பஸ்ஸில் வரும்போது கோத்து வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். "மணி அடிக்கலண்ணே. பேட்டரி நிக்கணும்னு போன்ல ஒண்ணை அமுக்கிட்டேன். அதுல எனக்கு எதுவுமே வராமப் போச்சு. நீங்க டிரா கேட்டது சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த நிமிஷமே சரின்னு அமுக்கியிருப்பேன்."

அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு கார் வந்தது. டோக்கனைக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து, "சிக்னல் வரலைங்கறே," என்றார். குத்திக்காட்டிச் சொன்ன மாதிரிகூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

இந்தத் தடவை கிரேன்காரர் சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் நிஜத்தைச் சொல்லும்போதும் அன்றைய பொய் மாதிரியே கேட்டது. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது, உள்ளதைச் சொன்னால் இதையாவது நம்புவார் என்று நினைத்தார்.

"இப்பத்தான் வரலைண்ணே. அன்னிக்கு வந்துச்சு. டீ ஊத்திட்டுத் தலையைத் தூக்கினேன், நீங்க கையை விரிச்சு நின்னீங்க. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அந்த ரூம்ல வரலைன்னு சொன்னேன். பயந்துட்டேண்ணே. என்னை மன்னிச்சிடுங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"நீ பாக்கலைன்னுதான்டா நான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்."

கிரேன்காரர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நான் கையை விரிச்சது எனக்குத் தெரியும். ஆனா வெயில் கண்ணாடியில அடிச்சிருக்கும், அவனுக்குத் தெரிஞ்சிருக்காது, அவன் பொய் சொல்ற பிள்ளை இல்லைன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். உன் அண்ணிகிட்டக்கூட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். முதல்ல கோபம் இருந்துச்சு, அப்புறம் ஆறிப்போச்சு. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, அப்புறம் என்னன்னுதான் டிரா கேட்டேன். பதில் வரலைன்னதும், தம்பிக்கு இன்னும் என் மேலதான் வருத்தம்போலன்னு நினைச்சேன்."

"இப்ப ஆடலாம்ண்ணே. புதுசா ஒண்ணு போடலாம். நான் தோத்ததாவே இருக்கட்டும்."

"இனி எதைடா நினைச்சுக்கிட்டு நான் உன்கூட ஆடறது?" என்றார் அண்ணன்.

சரிவில் இரண்டு மூன்று கார்கள் சேர்ந்துவிட்டன. முன்னால் இருந்தவர் ஹார்ன் அடித்தார். அண்ணன் எழுந்து அடுத்த டோக்கனைக் கிழிக்கப் போனார்.